விரிய மறுத்த ஆன்டெனா

கல்யாணமாகி எட்டு வருஷமாக அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் வீட்டில் வேலையைப் பற்றிப் பேசியதில்லை. இருவரும் வெவ்வேறு நிறுவனத்தில் பொறியாளர்கள். எதையும் வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டவர்கள். "கம்பி வலை பண்றோம்" என்பாள் அவள். "ஹீட்டர் பண்றோம்" என்பார் அவர். வீட்டில் வெந்நீர் ஹீட்டர் கெட்டபோது அவர் ஆளைக் கூப்பிட்டதில்தான் அவளுக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது.

ஒரு நாள் காலையில் இருவருக்கும் அவசர அழைப்பு வந்தது. ஒருவருக்கொருவர் "மீட்டிங்" என்று சொல்லிவிட்டு, தனித்தனியாகக் கிளம்பினார்கள். செயற்கைக்கோள் கட்டுப்பாட்டு அறை வாசலில் முட்டிக்கொண்டார்கள்.

"நீங்க எங்க இங்க?"

"அதையேதான் நானும் கேக்கறேன்."

இயக்குநர் உள்ளே அழைத்து விஷயத்தைச் சொன்னார். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து கப்பல்களின் ரேடார், ரேடியோ அலைகளை ஒட்டுக்கேட்கும் செயற்கைக்கோள் அது. அவ்வளவு தூரம் ஏறுவதற்குள் அலை தேய்ந்து நூலாகிவிடும்; அதைப் பிடிக்க ஒரு விளையாட்டு மைதானம் அகலத்துக்கு ஆன்டெனா வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய, தங்கமுலாம் பூசிய கம்பியில் பின்னிய வலையைக் குடைபோல மடித்து அனுப்பியிருந்தார்கள். விரியும்போது, வலையைத் தாங்கும் ஒரு கம்பிக்கை பாதியில் நின்றுவிட்டது. அதன் மூட்டிலிருந்த ஹீட்டர் வேலை செய்யவில்லை. வலை அவளுடையது. ஹீட்டர் அவருடையது.

"மூட்டு குளிர்ல விறைச்சிருக்கு. திருப்பி வெயில்ல காட்டினா இளகிடும். அப்புறம் மோட்டாரால ஒரே இழுப்பு" என்றார் அவர்.

"ஒரே இழுப்பா? ஏங்க, ஜிப் சிக்கினாலும் இப்படித்தான் இழுப்பீங்க. எத்தனை பை கிழிஞ்சுது! வலை எங்கயாவது மாட்டியிருக்கும். முதல்ல கொஞ்சம் பின்னாடி விடுங்க, தளரட்டும். அப்புறம் மெதுவா."

அறையிலிருந்தவர்கள் திரையைப் பார்ப்பதுபோல் நடித்தார்கள். இயக்குநர் இருமிவிட்டு, "ரெண்டு பேருக்கும் முன்னாடியே பழக்கமோ?" என்றார்.

"கொஞ்சம்" என்றார் அவர்.

செயற்கைக்கோளைத் திருப்பியதும் சூரியத் தகடுகள் நிழலுக்குப் போயின. பேட்டரி தீர்வதற்குள் காரியம் முடிய வேண்டும். மூட்டின் சூடு ஏற ஏற, பேட்டரி இறங்கியது. அவர் நகத்தைக் கடித்தார். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"இப்ப சூடு போதும்" என்றார் அவர்.

"பின்னாடி விடுங்க" என்றாள் அவள்.

மோட்டார் சற்றே பின்வாங்கி, பிறகு மெல்ல முன்னேறியது. மோட்டார் இழுக்கும் மின்சாரத்தைக் காட்டும் கோடு திரையில் எகிறி, சட்டென்று விழுந்தது. வலை அறுந்துவிட்டதோ என்று அவள் திரையை நோக்கிக் குனிந்தாள். அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். கம்பிக்கை முழுக்க விரிந்ததற்கான பச்சை விளக்கு எரிந்தது. வலையில் ஓர் இழைகூடப் போகவில்லை.

மதியம் கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "சரி, அது என்ன ஹீட்டர்? முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றாள். அவர் சாப்பாட்டை மறந்து, கை துடைக்கும் காகிதத்தில் மூட்டைப் படம்போட ஆரம்பித்தார்.

பக்கத்து மேஜையிலிருந்த பாதுகாப்பு அதிகாரி எழுந்து வந்தார். காகிதத்தை மரியாதையாக வாங்கிச் சுக்குநூறாகக் கிழித்தார்.

"வாயால சொல்லுங்க சார், போதும். மேடத்துக்குப் புரியும்."