ஸ்ட்ரேஞ்சருக்கு எதிர்ச்சொல்

…ஃப்ரெண்டுக்கு எனிமி, மாஸ்டருக்கு சர்வன்ட், கெஸ்ட்டுக்கு ஹோஸ்ட், அதுவரைக்கும் தடங்கல் இல்லை, இந்த ஸ்ட்ரேஞ்சரிடம் வந்துதான் தங்கமாரி நின்றுவிடுகிறாள். முன்பின் தெரியாத ஆள், அதற்கு எதிர்ச்சொல் என்ன? ஃப்ரெண்டு என்றும் எழுதலாம், ரிலேட்டிவ் என்றும் எழுதலாம், அக்வெயின்டன்ஸ் என்று வாயில் நுழையாத ஒன்றும் இருக்கிறது என்றார் ட்ரெய்னிங் சங்கரநாராயணன் சார், ஒரு சொல்லுக்கு எதிரே இத்தனை பேரா… இன்று ஷிப்டுக்கு முன்னால் கம்பெனியில் இங்கிலீஷ் பரீட்சை, தேறினால் லைன் லீடர், லீடர் என்றால் காலை ஷிப்டு, காலை ஷிப்டு என்றால்… டிபன் பாக்ஸை மூடியவள் கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில்.

கோவில்பட்டியில் தாலி கட்டிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டையின் இந்த ஒற்றை அறைக்கு வந்த மறுவாரமே அவளுக்கும் செல்போன் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. புருஷன் மணிகண்டபிரபுவுக்குக் காலை ஷிப்டு, அவளுக்கு மதியம். அவள் திரும்பும்போது அவன் தூக்கம், அவன் கிளம்பும்போது அவள் தூக்கம், ஞாயிற்றுக்கிழமை என்றால் அவனுக்கு ஓ.டி. புருஷனின் தூங்குகிற முகம் அத்துபடி, கன்னத்துக்கு அடியில் கையைக் கொடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன்போல… விழித்திருக்கிற முகத்தைப் பஸ் ஸ்டாப்பில்தான் பார்க்க வேண்டும், அப்போதும் அவன் கேட்பதெல்லாம் பரீட்சைக்கான இங்கிலீஷ் வார்த்தைகள். ஆனாலும் சட்டியில் பெரிய மீன்துண்டு அவளுக்கென்று கிடக்கும், கொசுவர்த்தி அவள் படுக்கிற பக்கம் எரியும். இதெல்லாம் செய்கிறவன் ஸ்ட்ரேஞ்சரா? சேச்சே. அப்படியென்றால் யார், ஃப்ரெண்டா? கட்டின புருஷனைப் போய் ஃப்ரெண்டு என்றால் அம்மா என்ன சொல்வாள்… சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா மாரி, தனியா சிரிச்சிகினு கீற? பஸ்ஸு வந்துரப் போவுது" என்று பக்கத்து வீட்டு சரோஜாக்கா குரல் கொடுக்க, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

அவன் பஸ்ஸிலிருந்து இறங்கி அவளுக்காகக் காத்திருந்தான், சட்டையில் மெஷின் ஆயில் வாடை, அந்த வாடைகூட இப்போது பிடித்துவிட்டதே, எப்போது பிடித்தது? "சாப்ட்டியா? சரி, ஸ்ட்ரேஞ்சர்?" என்றான். "எதை எழுதன்னு தெரியலங்க." "ஃப்ரெண்டுன்னே எழுது. ஸ்பெல்லிங் சின்னது." அவள் துணிந்து சொல்லிவிட்டாள், "பாஸாயிட்டா எனக்கும் காலை ஷிப்டுதான்." அவன் ரோட்டில் கார் ஏற்றிய லாரி ஒன்று போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிடிக்கவில்லையோ, தனியாக இருந்து பழகிவிட்டானோ, ஏன்தான் வாயைத் திறந்தோமோ… "அப்ப சாயங்காலம் பூரா ரெண்டு பேரும் இருப்போம்" என்றான் காதைத் தேய்த்துக்கொண்டே, "இந்த வார்த்தையெல்லாம் விட்டா எனக்கு என்ன பேசன்னே தெரியாது தங்கம்."

அதற்குள் கம்பெனி பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, "எனக்குந்தான்" என்று கத்தினாள், ஹாரன் சத்தத்தில் அவன் காதில் விழுந்ததோ இல்லையோ, கையை மட்டும் தூக்கினான். என்ன பேசுவது என்கிற அந்தப் பயம் தனக்கு மட்டும்தான் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தாள்… எப்படியும் தேறிவிட வேண்டும் என்று இப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது, ஆனால் சாயங்காலம் வேலைவிட்டு வந்தால் அவன் டீ குடிப்பானா, காபியா, சர்க்கரை எவ்வளவு போடுவது, அதுகூடத் தெரியாதே…