கரைப்பள்ளி வளவு

தாடையைக் கட்டத் துணி போதவில்லை. ஸுல்பிகா தன் தொழுகை உடுப்பின் ஓரத்தைப் பல்லால் கடித்து நீளமாகக் கிழித்தாள். வாப்பாவின் தாடைக்குக் கீழே கொடுத்து உச்சியில் முடிச்சுப் போட்டபோது முகம் இன்னும் சூடாகத்தான் இருந்தது. சுபஹு பாங்கு சொல்லி அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. தண்ணீர் கேட்டார், இரண்டு மிடறு குடித்தார், அவ்வளவுதான். எண்பத்தொரு வயதில் அபுல் ஹஸன் யாருக்கும் கரைச்சல் கொடுக்காமல் போய்விட்டார்.

"சந்தூக்கு எடுக்க ஆள் அனுப்பட்டா?" என்று அவள் கணவன் நிஸாம் வாசலில் நின்று கேட்டான். எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மையித்தைச் சுமக்கும் சந்தூக்கு இரண்டு பள்ளியிலும் இருந்தது. ஆனால் கரைப்பள்ளிச் சந்தூக்கு இன்றுவரை ஒருவரையும் சுமந்ததில்லை.

நாற்பது வருஷமாக அபுல் ஹஸனின் தோணி கரையேறினால் முதல் கூடை ஊர்ப் பெரிய பள்ளிக்கு. பள்ளிப் பங்கை எடுத்து வைத்த பிறகுதான் தன் வீட்டுக் கறிக்கு மீன் பொறுக்குவார். கரை ஆட்கள் எல்லோரும் மனம் பொருந்தித்தான் கொடுத்தார்கள். பிறகு இருபதில் ஒன்றாக இருந்த பங்கு பத்தில் ஒன்றானது. கரையில் ஏலம் கூறக் கூடாது, பள்ளி குத்தகைக்கு விட்ட சந்தைக்குத்தான் மீன் வர வேண்டும் என்று சட்டம் வந்தது. பெரியநீலாவணைப் பக்கமிருந்து வந்த லொறிக்கு நேரே விற்றவனுக்குத் தண்டம் போட்டார்கள். எங்களுக்கும் பள்ளிச் சபையில் ஒரு மரைக்கார் வேண்டும் என்று போய்க் கேட்டபோது, மீன் நாற்றத்தோடு சபைக்கு வரப் போகிறீர்களா என்று சிரித்தார்களாம். அந்தச் சிரிப்புத்தான் காரியத்தைக் கெடுத்தது. பங்கையென்றால் இன்னும் பத்து வருஷம் பொறுத்திருப்பார்கள். அடுத்த நாள் இளந்தாரிகள் ஒரு தோணி நிறைந்த சூரை மீனைச் சந்தைக்குக் கொண்டுபோகாமல் திரும்பக் கடலிலேயே கொட்டினார்கள். முன்னுக்கு நின்றவன் நிஸாம்.

வாப்பா அன்றைக்குச் சோறு தின்னவில்லை. "உங்கட கோவத்துக்கு மீன் என்ன செஞ்சிச்சி மருமகன்?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு கரைப்பள்ளி எழும்பியது. தகரக் கூரை, ஒலிபெருக்கி, கிணறு, புதுச் சந்தூக்கு. பக்கத்தில் மையித்துகளை அடக்க, மையவாடிக்கென்று அரை ஏக்கர் வளவு, அனுமதிக் கடிதத்தோடு. ஆனால் இரண்டு வருஷமாக அதில் ஒரு கபுறும் வெட்டவில்லை. நாங்கள் வேறு பள்ளி என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தவனும், தன் வீட்டில் மௌத்து விழுந்ததும் சத்தமில்லாமல் பெரிய பள்ளிக்குப் போய் வழிக்கு வந்தான். வெறும் மணலில், முதல் ஆளாக, பெற்ற தாயைத் தனியே விட்டுவர யாருக்கு மனம் வரும்?

ஸுல்பிகாவுக்கும் வரவில்லை. உம்மா சபூறா பெரிய பள்ளி மையவாடியில் கிடந்து ஆறு வருஷம். வெள்ளிக்கிழமை தவறாமல் வாப்பா அங்கே போவார். "அவள்ட கால்மாட்டில ஒரு துண்டு இடம் கெடச்சாப் போதும் மகள்," என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்.

எட்டு மணிக்கு ஜெஸீம் மரைக்கார் தானே வந்தார். பெரிய பள்ளிச் சபையில் மூத்தவர். வாப்பாவின் நெற்றியில் கை வைத்து அழுதார். அது பொய் அழுகை இல்லை, சின்ன வயதில் இருவரும் ஒரே தோணியில் போனவர்கள். பிறகு விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்கட உம்மாக்குப் பக்கத்தாலயே இடம் பாத்தாச்சி மகள். மாமரத்து வேர் ஒண்டு குறுக்க இரிக்கி, அதத் தறிக்கலாம்."

திரைக்குப் பின்னால் நின்ற ஸுல்பிகாவுக்கு உடம்பெல்லாம் லேசானது போல் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் முணுமுணுத்தது. அதற்குள் அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த கடதாசியை எடுத்துவிட்டார்.

"கரைப்பள்ளிச் செயலாளர் எண்டு நிஸாம் ஒரு ஒப்பம் போட்டாச் சரி. பங்கும் சந்தையும் முந்தின மாதிரி. வேற ஒண்டும் இல்ல."

நிஸாம் கடதாசியை இரண்டு தரம் வாசித்தான். உள்ளே வந்து மெதுவாகச் சொன்னான்.

"நான் போடுறன் ஸுல்பி. வாப்பா உம்மாக்கிட்டப் போகட்டும். ஆக்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறன்."

அவள் அவனைப் பார்த்தாள். சபைக்காரர் சிரித்தார்கள் என்று மூன்று இரவு தூங்காதவன். அவளுக்காகத்தான் சொல்கிறான். ஓம் என்று சொல்லத்தான் அவளுக்கு ஆசை, அடக்க முடியாத ஆசை. வாப்பாவின் கால்மாட்டில் அடுத்த வீட்டு றபீக்கா சாம்பிராணிச் சட்டியை ஊதிக்கொண்டிருந்தாள். லொறிக்கு மீன் விற்றுத் தண்டம் கட்டியது அவள் புருஷன்தான். எல்லாம் கேட்டிருக்கும், ஆனால் தலை நிமிரவில்லை.

ஸுல்பிகா திரையருகே போனாள்.

"மாமா, வாப்பா நாப்பது வருஷம் குடுத்தாரு. ஒரு நாளும் நீங்க அவருக்கிட்ட எழுதி வாங்கல்ல."

"ஓம் மகள்."

"இண்டைக்கி அவர்ட மையித்த வெச்சி வாங்கப் பாக்கீங்க."

மரைக்கார் தரையைப் பார்த்தார். "சபையிட முடிவு. நான் ஒருத்தன் என்ன செய்ய?"

"அப்ப இது எங்கட முடிவு. வாப்பாவ இஞ்சதான் அடக்குற."

சொல்லி முடித்ததும் உம்மா ஞாபகத்துக்கு வந்தாள். இரண்டு பேரையும் பிரித்துவிட்டேனே என்று சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். றபீக்கா சட்டியை வைத்துவிட்டு வந்து அவளைப் பிடித்துக்கொண்டாள்.

அஸருக்குப் பிறகு ஜனாஸாவை எடுத்தார்கள். பெண்கள் வேலிக் கடப்படியோடு நின்றுவிட்டார்கள். தக்பீர் சத்தம் காற்றில் வந்தது, பிறகு அதுவும் நின்றது. வெகு நேரமாக ஆம்பிளைகள் திரும்பவில்லை.

மஃரிபுக்குச் சற்று முன்னர் நிஸாம் வந்தான். முழங்கால் வரை மணல்.

"எந்தப் பக்கத்தால வெச்சீங்க?"

"பள்ளிச் சுவரோட. மேட்டில."

"தனியத்தானே."

அவன் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"மரைக்கார் வந்து கடைசி வரிசையில நிண்டு தொழுதாரு. மண்ணும் அள்ளிப் போட்டாரு. துஆ ஓதின பொறகும் ஆக்கள் போகல்ல ஸுல்பி. ஹஸன் காக்காக்குப் பக்கத்தால எனக்கு, எனக்கு எண்டு இடம் பிடிக்காங்க. றபீக்காட புருஷன் அடையாளத்துக்கு ஒரு கல்லும் வெச்சிட்டாரு."

"எந்தப் பக்கம்?"

"வலப் பக்கம்."

"எடுக்கச் சொல்லுங்க. அந்த இடம் எனக்கு."

நிஸாம் அவள் முகத்தைப் பார்த்தான். நாற்பத்திரண்டு வயது அவளுக்கு. அவள் தண்ணீர் வாளியை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"கால் முழுக்க மண். கழுவிட்டு வாங்க," என்றாள்.

அவன் வாளியைத் தொடாமல் வளவுப் பக்கம் திரும்பி நடந்தான்.