மீனுக்குப் பத்தியம்

என் வீட்டுக்காரர் சுந்தரபாண்டி எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். கெடுத்தாலும் முழுசாகத்தான் கெடுப்பார். அச்சன்புதூரில் எல்லாரும் நெல் போட, இவர் மட்டும் வயலின் ஒரு மூலையைத் தோண்டிக் குளமாக்கி கட்லாவும் ரோகுவும் விட்டார். முதல் வருஷம் மீன் மேலெல்லாம் சிவப்புப் புண் வந்து, அத்தனையும் மல்லாந்து மிதந்தன. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, சாவு வீட்டில் கேட்பதுபோல் துட்டி கேட்டுவிட்டுப் போனது.

எண்பத்து நான்கில், சாரல் தொடங்கும் நேரம், மறுபடியும் இரண்டு மீனில் புண்ணைப் பார்த்தார். பரணில் இருந்த ட்ரங்குப் பெட்டியை இறக்கினார்.

"இந்தத் தடவையும் செத்துதுன்னா பம்பாய்க்குப் போயிருதேன். அண்ணன் கடையில வேலை இருக்கு."

பம்பாய் போன அந்த அண்ணன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக்கூட வருவதில்லை. அண்ணி வருஷா வருஷம் தனியாகப் பொங்கலிடுகிறாள். அந்தப் பொங்கல் எனக்கு வேண்டாம்.

அம்மியில் பூண்டும் மஞ்சளும் வேப்பங்கொழுந்தும் வைத்து அரைத்தேன். புண்ணென்றால் மாட்டுக்கும் மனுஷனுக்கும் என் அம்மை கொடுப்பது அதுதான். தவிட்டில் பிசைந்து உருண்டை பிடித்துக் குளத்தில் போட்டேன். பாகற்காய் வைத்த அன்று இவர் முகத்தைத் திருப்புவாரே, அப்படித் திருப்பிக்கொண்டு போயின மீன்கள். பிறகு பசி தாங்காமல் தின்றன.

புண் ஆறத் தொடங்கியது. ஆனால் மீன் மெலிந்துகொண்டே வந்தது. என்னடா என்று பார்த்தால், கடலைப் புண்ணாக்கு மூட்டை பிரிக்காமலே கிடக்கிறது.

"ஏங்க, மீனுக்குப் புண்ணாக்கு போடலியா?"

"ஏட்டி, கடலை கரப்பான்லா! புண்ணைக் கிளப்பி விட்டுரும். மருந்து திங்குத ஒடம்புக்குக் கடலை குடுப்பாவளா? பத்தியம் இல்லாம மருந்து எப்படிப் பிடிக்கும்?"

தலையில் அடித்துக்கொண்டேன். மருந்து என்னுடையது, பத்தியம் அவராகச் சேர்த்தது.

குற்றாலம் சீசனுக்கு மீன் கேட்டிருந்த மேலகரம் ஓட்டல்காரர் மசூது பாய் வந்து, வலை போடச் சொன்னார். நான் முப்பிடாதி அம்மனை வேண்டிக்கொண்டு கரையில் நின்றேன். ஒன்றிலும் புண் இல்லை. துள்ளிய துள்ளலில் ஒரு கட்லா மீன் பாயின் சட்டையில் அடித்தது. அதைத் தூக்கிப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"அண்ணாச்சி, சீக்கு ஒண்ணுமில்ல. ஆனா சதையக் காணுமே! நல்லா தீனி போடுங்க, சீசன் கடைசியில வாரேன். வேற யாருக்கும் குடுத்துராதீய."

பாய் போனதும் இவர் என்னிடம் வந்து, "இனி பத்தியத்த முறிக்கலாமாட்டீ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"முறியுங்க. புண்ணியமாப் போவும்."

மறுநாள் காலை பெட்டியைப் பரணில் ஏற்றப் போனார். அசைக்க முடியவில்லை. திறந்தால், விளிம்பு வரை தவிடு.

"ஏட்டி, இதுல எப்பம் தவிட்டக் கொட்டுன?"

"நீங்க கீழ எறக்குன அன்னைக்கே."