சாயம் போடாத தொட்டி

1

உடம்பு சுரக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைப் பற்றி எளிமையாக ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டாவது வரியில் ஒருவர் வந்து முதுகைச் சொறிந்துகொண்டு நின்றுவிட்டார். உதயகுமார்; காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவர். பட்டறையில் கை நனைந்தால் கை அரிக்கும்; வீட்டில் குளித்தால் உடம்பு முழுவதும் ஊசி குத்தும். தோலில் தடிப்பு இருக்காது. கொஞ்ச நேரத்தில் தானே அடங்கும். ஏன் என்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

2

சாயத்தின் மீது பழி போட்டார். அரக்கு நிறத்தை விட்டுப் பார்த்தார், சோப்பை மாற்றினார்.

["ஆவி பறக்கும் தொட்டிகளின் நடுவே, மாலை வெயில்..." வேண்டாம். மனிதருக்கு அரிக்கிறது, வெயில் காத்திருக்கட்டும்.]

"தீபாவளியோட பட்டறைய விட்டுடறேன் காவேரி. எனக்குத் தெரிஞ்ச ஒரே தொழிலு. இன்னா பண்றது?"

அவர் மனைவி காவேரி நிமிர்ந்தாள். "நேத்து அமாவாசை, பட்டறையே லீவு. குளிச்சிட்டு வந்து அப்பவும் சொறிஞ்சிக்கினுதானே இருந்தீங்க?"

மறுநாள் ஒரு கையை ஆறிய சாயத்திலும், மறு கையைச் சாயம் போடாத தொட்டியிலும் விட்டு எடுத்தார். இரண்டும் அரித்தன.

"தண்ணிதான் காவேரி!"

"அதுக்குன்னு குளிக்காம இருந்துடலாம்னு பாக்காதீங்க."

3

(கதை பிடிக்காதவர்கள் இதை மட்டும் படிக்கலாம்.) கோயிலில் ஒரே மணிதான் அடிக்கிறது. அர்ச்சகர் தீபத்தை எடுக்கிறார். நாகஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைக்கிறார். வெளியே பூக்காரி கூடையைத் தூக்குகிறாள். ஹிஸ்டமின் அந்த மணி. கேட்கும் காதுகள்தான் ஏற்பிகள், நான்கு வகை. நரம்பில் கேட்டால் அரிப்பு, வயிற்றில் அமிலம், மூளையில் விழிப்பு. எதிர்ப்பு அணுக்களிலும் காது உண்டு. சில புற்றுநோய்களில் அந்த மணி இந்தக் காவல் அணுக்களைச் சோம்ப வைத்துவிடுகிறது என்கின்றன ஆய்வுகள்.

4

முடிவு ஒன்று: அரிப்பு மாத்திரை போட்டார், சரியாயிற்று.

இந்த முடிவை அடித்துவிட்டேன். மாத்திரை ஒரு காதைப் பொத்தியது. அரிப்பு பாதிதான் குறைந்தது. மணி அடிப்பது யார்?

டீக்கடை குப்புசாமியை வெறும் சிரிப்புக்காகத்தான் கொண்டுவந்தேன்: "இன்னாபா உதயா, சாயம் மூஞ்சிக்கே ஏறிடுச்சா?" அரிப்பு தீராமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அந்தச் சிவந்த முகத்தைப் பார்த்து டாக்டர் புவனேஸ்வரி சிரிக்கவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

எலும்பு மஜ்ஜை அளவில்லாமல் சிவப்பணுக்களைச் செய்து தள்ளிக்கொண்டிருந்தது. ஹிஸ்டமினைச் சுமக்கும் அணுக்களும் அங்கே பிறப்பவைதான், அவையும் பெருகியிருந்தன. தண்ணீர் பட்டதும் அவை மணியடித்தன. (அவை மட்டுமே காரணமா என்று இன்னும் தெளிவாகவில்லை. தெரிந்த அளவு சொல்கிறேன்.)

"கேன்சரா டாக்டர்?"

"ஆமாம்பா. ரத்தத்துல வர்றது, மெதுவா போறது. அப்படியே விட்டா ரத்தம் கெட்டியாயி அடைச்சிக்கும். விட மாட்டோம்."

5

முடிவு இரண்டு: அன்று விடியற்காலையில் காவேரி எழுப்பியபோது அவர்

இதை நான் முடிக்கப்போவதில்லை. அவருடைய மீதி வருடங்களை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நிறையவே எழுதலாம். செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன். டாக்டர் சொல்லும் இடைவெளியில் ஒரு பை ரத்தம் எடுத்துவிட வேண்டும். உறையாமலிருக்கத் தினமும் சிறிய ஆஸ்பிரின். தேவைப்பட்டால் மஜ்ஜையை அடக்க மருந்து. குளியல் வெதுவெதுப்பாக, சீக்கிரமாக. துண்டால் தேய்க்காமல் ஒற்ற வேண்டும். பட்டறையை விட வேண்டியதில்லை. முழங்கைக்கு மேலே வரும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் போதும், சாயத்துக்காக அல்ல, தண்ணீருக்காக.