கீழே நிற்பவன்

ஏறும்போது கண் முன்னால் போகும், கால் பின்னால் வரும். இறங்கும்போது கால்தான் முதலில் போக வேண்டும். அதற்குக் கண் கிடையாது. அதனால் ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் வேலை செய்யும் நண்பர்கள் சஹ்யாத்ரியின் செங்குத்தான மலைமுகடுகளுக்கு ஜோடியாகத்தான் போவார்கள். நன்றாக ஏறத் தெரிந்தவன் முதலில் இறங்கிக் கீழே நின்றுகொண்டு, "வலது காலை இன்னும் கொஞ்சம் இறக்கு" என்று மேலே இருப்பவனுக்குச் சொல்வான்.

ஜெகதீசனுக்குச் சொல்பவன் சலீம். இந்த ஞாயிறு சலீமுக்கு ஓவர்டைம். ஜெகதீசன் தனியாக வந்துவிட்டான். சாங்வியில் வீட்டில் இருக்கும் மனைவி ரோஹிணியிடம் சலீமும் வருவதாகச் சொல்லியிருந்தான்.

உச்சியைத் தொட்டுத் திரும்பும்போது, முகட்டின் நடுவே, ஏறி வந்த பாறைப்படி ஒன்றின் மேல் மாட்டிக்கொண்டான். இரண்டு பக்கமும் பள்ளம். சஹ்யாத்ரி மலை எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்து உண்டானது. மழை மென்மையான அடுக்கை அரித்துவிடும். கெட்டியான அடுக்கு அதன் மேல் தொந்தி மாதிரித் துருத்தி நிற்கும். கால் வைக்கும் இடமெல்லாம் அந்தத் தொந்திக்கு அடியில். குப்புறப் படுத்துக் காலைத் தொங்கவிட்டுத் துழாவினான். காற்றுதான் தட்டுப்பட்டது. மறுபடி மேலே ஊர்ந்து உட்கார்ந்தான்.

போன் அடித்தது.

"ஏனுங்க, சாப்டாச்சா? சலீமண்ணங்கிட்டக் குடுங்க. உங்களை வெயில்ல வறுத்தெடுக்கறாரான்னு கேக்கறேன்."

"அவன் வரல ரோஹிணி."

"அப்ப யாரு கூட இருக்கறீங்க?"

"யாருமில்ல."



"எறங்கிருவீங்களா?"

"பாத்துட்டிருக்கேன்."

"எறங்கினதும் கூப்பிடுங்க. போனைக் கையிலயே வெச்சிருக்கேன்."

அவன் ஷூ லேஸ் இரண்டையும் கழற்றி ஒன்றோடொன்று முடிந்தான். போனை அதில் கட்டி, வீடியோ பதிவை ஓடவிட்டு, தொந்திக்குக் கீழே மெல்ல இறக்கினான். இழுத்துப் பார்த்தபோது தெரிந்தது: இடப்பக்கம், அவன் துழாவிய இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, பாதம் கொள்ளும் அளவுக்கு ஒரு விளிம்பு. லேஸைத் திரும்பக் கோத்துக் கட்டினான்.

"இடது காலை இன்னும் தள்ளு," என்று தனக்கே உரக்கச் சொன்னான். "இன்னும். அங்கதான்."

கால் பதிந்தது. அடுத்ததும் பதிந்தது. கீழே நின்று ரோஹிணியை அழைத்தான். சிக்னல் இல்லை. மேலே இருந்தபோது டவர் நேர் எதிரே இருந்தது. இப்போது அந்த ஆள் உயரப் பாறை குறுக்கே நிற்கிறது.

மறுபடி ஏறினால் சொல்லிவிடலாம். பாறையில் கை வைத்தான். பிறகு எடுத்துவிட்டான்.

இனி அடிவாரக் கிராமத்தில்தான் சிக்னல் கிடைக்கும்; அதுவரை சரளைச் சரிவு. அதில் ஓட முடியாது. அவள் போனைக் கையில் வைத்திருப்பாள். அவன் ஒவ்வொரு அடியாக இறங்கத் தொடங்கினான்.