தவிட்டுக்கு விற்ற பிள்ளை

கையுறைத் தொழிற்சாலையில் எனக்கு ஓட்டை பார்க்கும் வேலை. ரவாங்கில் பதினெட்டு வருடமாகக் கையுறைக்குள் காற்றை அடைத்து, எங்கே கசிகிறது என்று பார்க்கிறேன். அந்தப் புத்தி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது என்று என் கணவர் சசிகுமார் குறைப்படுவார். வரட்டுமே. வீட்டில் ஒருத்தியாவது கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டாமா?

எங்கள் வீட்டில் இருந்த பெரிய ஓட்டை என் மாமியார் தாயம்மாவின் அடையாளக் கார்டு. எங்கள் எல்லாருக்கும் நீலக் கார்டு, அவருக்கு மட்டும் சிவப்பு. நீலம் என்றால் இந்த மலாய் நாட்டுக் குடிமக்கள். சிவப்பு என்றால் இங்கே தங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அத்தைக்கு அறுபத்தொன்பது வயது. பிறந்தது ஈஜோக்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நாலு மைல் தள்ளி, தோர்ன்பெக் தோட்டத்தில். ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டியதும் அங்கேதான், பிறகு எண்ணெய்க்குச் செம்பனைக் காய் பொறுக்கியதும் அங்கேதான். ஆனால் அங்கே பிறந்தார் என்று சொல்ல ஒரு தாள் கிடையாது.

தேர்தல் நாளில் தீபாவளிப் புடவையைக் கட்டிக்கொண்டு எங்களோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுவார். ஓட்டுப் போடும் இடத்துக்குள் கைப்பேசி கூடாது. எங்கள் நாலு பேருடைய கைப்பேசிகளையும் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நாங்கள் வெளியே வந்ததும் விரலில் இருக்கும் மையைத் தொட்டுப் பார்த்து, "என்னா, எனக்கும் சேத்துப் போட்டியா?" என்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார். எனக்குத்தான் சிரிப்பு வராது.

"சாவறதுக்குள்ள நீலக் கார்டு கையில வந்துரணும் உசா," என்று ஒருநாள் சொன்னார். "செத்தப்புறம் குடுக்குற தாள்லயும் இந்த நாட்டுக்காரி இல்லன்னு எழுதிப்புட்டா, அப்பறம் நான் எங்கதான் பொறந்தேன்?"

"அதெல்லாம் அப்ப பாத்துக்கலாம் லா அத்தே," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். என்ன பதில் சொல்வதென்று தெரியாதபோது எனக்குக் கோபம்தான் முதலில் வரும்.

பிறப்புப் பதிவேட்டில் நான்கு முறை தேடச் சொன்னோம். அப்பா நல்லசாமி, அம்மா அமராவதி, தோர்ன்பெக் தோட்டம். நான்கு முறையும் அப்படி ஒரு பிள்ளை இல்லை என்றே பதில் வந்தது. தோட்டத்து ஆபீஸ் தாள்களோ, தோட்டம் கைமாறியபோது எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்களை இடித்துத் தள்ளி இருபது வருடமாகிறது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பழைய தோட்டத்தைப் பற்றி யாராவது எதையாவது எழுதியிருக்க மாட்டார்களா என்று கைப்பேசியில் தோர்ன்பெக் என்று ஆங்கிலத்தில் தட்டினேன். வந்தது எங்கள் தோட்டம் இல்லை. இங்கிலாந்தில் அதே பெயரில் ஒரு கிராமம். முதலில் வந்த துரை தன் சொந்த ஊர்ப் பெயரையே காட்டுக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. நம் ஆட்களுக்கு அது வாயில் நுழையாமல் அறுபது வருடம் தோம்பாக்கு, தோம்பாக்கு என்றே காலத்தை ஓட்டிவிட்டார்கள்.

அந்த ஊர்க்காரர்கள் தங்கள் சின்ன வயது நினைவுகளை வரிசையாக எழுதி வைத்திருந்தார்கள். ஆறு பெருகி ரொட்டிக் கடைக்குள் புகுந்த கதை. வாத்தியாரின் பிரம்பு. பாதிரியார் தோட்டத்து ஆப்பிளைத் திருடி மாட்டிக்கொண்டது. வெள்ளைக்காரப் பிள்ளைகளும் திருடித்தான் தின்றிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு திருப்தி. ஆனால் எந்த வீட்டில் யார் இருந்தார்கள், எந்த வருடம் எந்தப் பிள்ளை பிறந்தது என்று ஒன்று விடாமல் அவர்களிடம் எழுத்தில் இருந்தது. படிக்கப் படிக்க எனக்கு வயிறு எரிந்தது.

மூடி வைக்கலாம் என்று நினைத்தபோது ஜூடித் என்ற ஒரு கிழவி எழுதியது கண்ணில் பட்டது. "நான் ஒன்பது வயதில்தான் இந்தத் தோர்ன்பெக்குக்கு வந்தேன். அதற்கு முன் நான் இருந்த தோர்ன்பெக் மலாயாவில். அங்கே பனி பெய்யாது. ரப்பர் மரங்கள் நடுவே என் அப்பா மேனேஜராக இருந்தார்." நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அவளுக்கு ஏழு வயதில் நடந்ததாம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் நல்லசாமி என்ற பால் மரம் வெட்டுபவரின் மனைவிக்கு ஒரு பெண் குழந்தை. அதற்கு முன் மூன்று பிள்ளைகள் பிறந்து செத்துவிட்டன. அதனால் இந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தியிடம் ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துக் கணக்கு வழக்கெல்லாம் எழுதும் பெரிய கிராணி தம்பிராஜா, பிறப்புப் பாரத்தை எடுத்துக்கொண்டு வந்தார். பெற்றவளைக் கேட்டால், "என் புள்ள இல்ல, அவளைக் கேளுங்க" என்கிறாள். வாங்கியவளைக் கேட்டால், "ஆமா, என் புள்ளதான்" என்கிறாள். யாழ்ப்பாணத்து மனிதர், எதிலும் கறார். சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். "அதற்குப் பிறகு எனக்கும் தவிட்டுக்கு ஒரு பாப்பா வாங்கித் தரச் சொல்லி அம்மாவிடம் ஒரு மாதம் அழுதேன்" என்று ஜூடித் எழுதியிருந்தாள்.

நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்துப் பிறப்பதை வேறொருத்திக்கு விற்றுவிட்டால், இது இவள் பிள்ளை இல்லை என்று எமன் ஏமாந்து போவானாம். வாங்கியவள் பிறகு வளர்க்கச் சொல்லிப் பெற்றவளிடமே கொடுத்துவிடுவாள். அத்தையும் அப்படி விற்கப்பட்டவர் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சண்டை வந்தால், "தவிட்டுக்கு வந்ததுதானே நீ" என்று அவருடைய தம்பியே கேலி செய்வார். எமனை ஏமாற்றப் போனவர்கள் கிராணியையும் சேர்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் யாருக்கும் தெரியாது.

"அத்தே, உங்கள யாருக்கு வித்தாங்க?" என்று சமையலறைக்கு ஓடினேன்.

"நவமணி ஆயாவுக்கு. செல்லன் பொஞ்சாதி. புள்ள குட்டி இல்லாத மனுசி, எப்பவோ செத்துப்போச்சு. இப்ப எதுக்கு அது?"

எதுக்கா! மறு வாரமே செல்லன், நவமணி பெயரில் தேடச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். மூன்று வாரத்தில் வந்துவிட்டது. தாயம்மா, பெண், தோர்ன்பெக் தோட்டம். அப்பா செல்லன், அம்மா நவமணி. ஜூடித்துக்கு மின்னஞ்சல் போட்டேன். அந்தப் பாப்பா உயிரோடு இருக்கிறாளா என்று அழுது எழுதி, நடந்ததை வக்கீல் முன்னால் சத்தியம் செய்து கடிதமாகவும் அனுப்பிவிட்டாள். நான் அன்றைக்குத் தொழிற்சாலையில் ஓட்டைக் கையுறை இரண்டை நல்லது என்று விட்டுவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

கோலசிலாங்கூர் பதிவு அலுவலகத்தில் இருந்த மலாய்க்கார அம்மா எல்லாத் தாள்களையும் பொறுமையாகப் படித்தார். பதிவு சரியாக இருக்கிறது, அந்தக் குழந்தை இவர்தான் என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது என்றார். ஆனால் பதிவில் உள்ள பெற்றோரைத்தான் நீலக் கார்டு விண்ணப்பத்தில் எழுத முடியும். அதை மாற்ற வேண்டுமென்றால் கோர்ட்டுக்குப் போக வேண்டும். எத்தனை வருடம் ஆகும் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

அத்தை பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

காரில் ஏறியதும் வெடித்தார். "என்னப் பெத்தவ அமராவதி. மூணு புள்ளய மண்ணுல பொதைச்சிட்டு என்னப் பெத்தவ. ஒரு கார்டுக்காக அவள இல்லன்னு சொல்லச் சொல்றியா?"

"தாள்ல மட்டுந்தானே அத்தே."

"தாள்ல இல்லாததுனாலதானே நான் அறுவது வருசமா வாசல்லயே நிக்கிறேன்! இப்ப எங்கம்மாவயும் அங்க கொண்டாந்து நிறுத்தச் சொல்றியா?"

"அப்ப போங்க, செவப்புக் கார்டோடயே போங்க!" என்று கத்திவிட்டேன். சசிகுமார் ரேடியோவைத் திருகினார், ஈஜோக் வரை திருகிக்கொண்டே வந்தார். நான் சொன்னது எவ்வளவு கேவலம் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் அத்தை காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஜூடித் எழுதியதை முழுக்கத் தமிழில் படித்துக் காட்டினேன். மன்னிப்புக்குப் பதிலாக அதுதான் என்னால் முடிந்தது. கிராணி கதை வரை அந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருந்தேன். கடைசிப் பத்தியைச் சொல்லவில்லை. காரியத்துக்கு உதவாது என்று விட்டிருந்தேன்.

"அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நின்றிருந்த என் அம்மா சாகும் வரை இதைச் சொல்வார்," என்று எழுதியிருந்தாள் ஜூடித். "கிராணி கேட்டபோது அந்தப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாளாம். பின்னால் குழந்தை பசித்துக் கத்துகிறது. அவள் ரவிக்கை முழுக்கப் பால் நனைந்துவிட்டது. ஆனாலும் மூன்று முறை கேட்டபோதும், மூன்று முறையும் என் பிள்ளை இல்லை என்றாள்."

அத்தை கத்தியைக் கீழே வைத்தார். இந்தப் பால் கதையை அவருக்கு யாரும் சொன்னதில்லை. கேலி செய்யத்தான் எல்லாரும் இருந்தார்கள். "இன்னொரு தரம் படி," என்றார். படித்தேன். மீதிக் காயை நறுக்கி முடித்தார்.

இரண்டு நாள் கழித்து, "லீவு போடு, ஆபீசுக்குப் போவணும்," என்றார்.

அதே மலாய்க்கார அம்மா விண்ணப்பத்தை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டுக் கணினியில் தட்டிக்கொண்டே வந்தார். பெயர், பிறந்த இடம். பிறகு, "நாமா இபு?" என்றார். அம்மா பெயர்.

அத்தை வாயைத் திறந்தார், மூடினார். அந்த அம்மா மறுபடியும் கேட்டார். நான் சொல்லிவிடலாமா என்று துடித்தேன். அத்தை என் கையைப் பிடித்து அடக்கினார். மூன்றாவது தரம் கேட்டபோதுதான் பதில் வந்தது.

"நவமணி," என்றார். அந்த ஆபீசுக்கே கேட்கும்படி சொன்னார்.

விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. அத்தை என் கையை விடவில்லை.

"நான் பொழைக்கணும்னுதானே எங்கம்மா என்னைய இல்லன்னு சொன்னா," என்றார் என்னிடம் மெதுவாக. "சொல்றப்ப அவளுக்கு எப்படி வலிச்சிருக்கும்னு இப்பத்தான்டி உசா எனக்குத் தெரியுது."