வெள்ளாமை வேந்தன் போட்ட கால்

எந்தக் கொம்பன் எதிரே வந்தாலும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடாத ஆள் துரைக்கண்ணு. திண்டிவனம் பக்கத்துப் பிரம்மதேசத்தில் மூன்று ஏக்கர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற திமிர், வேறென்ன. அப்பேர்ப்பட்ட மனுஷன் நாலு மாதமாக வேட்டியைத் தரையில் புரள விட்டுக்கொண்டு திரிந்தார் என்றால், அதற்குக் காரணம் அவருடைய புது வலது கால்.

பழைய காலை முழங்காலுக்குக் கீழே சர்க்கரை வியாதி வாங்கிக்கொண்டு போய்விட்டது. விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவசச் செயற்கைக்கால் முகாம் என்றார்கள், போனார். அளவெடுத்தார்கள், ஒரே மாதத்தில் கால் வந்தது. குறை சொல்ல முடியாத கால்தான், வரப்பில்கூட நடக்கலாம். ஆனால் முன்பக்கம் முழுக்கப் பச்சையில் கிரீடம் போட்டு ‘வெள்ளாமை வேந்தன் பூச்சிமருந்து’ என்று பதித்திருந்தார்கள். போன வருஷம் அவருடைய மூன்று ஏக்கரையும் கருக்கித் தள்ளிய அதே மருந்து. 

“இந்தப் பேரை மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க தம்பி,” என்றார் முகாம் நடத்திய மருந்துக் கம்பெனி ஆபீசர் பிரவீன்குமாரிடம்.

“உள்ளேயே பதிஞ்சிருக்குங்க ஐயா. எடுத்தா கால் வீணாயிடும்.”

அன்றைக்கு இறங்கியதுதான் வேட்டி. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து ஆளுக்குப் பணிவு வந்துவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். அந்த மருந்தை அவர் தலையில் கட்டிய திண்டிவனத்துக் கடைக்காரர் பாக்கியராஜ் ஒருநாள் எதிரே வந்து, “வேட்டியெல்லாம் எறக்கிவுட்டுக்கினு, நமக்குள்ள எதுக்குப்பா இவ்ளோ மரியாதை?” என்று தோளைத் தட்டினாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வீட்டில் வந்து கத்தினார். அவர் மனைவி பாஞ்சாலி முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“புடிக்கலன்னா கழட்டிப் போட்டுட்டுக் கட்டைய ஊனிக்கினு நடய்யா. சும்மா பேஜாரு பண்ணாத.”

கழற்றிப் போட்டால் கழனிக்கு யார் போவது? மறுநாள் காலையில் நம்பர் பிளேட் எழுதும் சவுரிராயன் கடைக்குப் போய்க் காலை நீட்டினார்.

“மேல பூசி மறைச்சுடட்டுமா?” என்றார் சவுரிராயன்.

“அவன் பேரு அப்படியே இருக்கட்டும். கீழ எடம் இருக்குது பாரு, அதுல நான் சொல்றத எழுது.”

அடுத்த வாரம் கம்பெனி பிரம்மதேசத்தில் விவசாயிகள் கூட்டம் போட்டது. மேடையில் கால் வாங்கிய பயனாளி துரைக்கண்ணு, முன்வரிசையில் பாக்கியராஜ். போட்டோக்காரரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பிரவீன்குமார் குழைந்தார். “ஐயா, வேட்டிய மட்டும் கொஞ்சம் மடிச்சுக் கட்டிக்குங்க.”

நாலு மாத ஆசை. உதறி, மடித்து, இறுக்கிக் கட்டினார். பச்சைக் கிரீடத்துக்குக் கீழே மஞ்சள் எனாமலில் கொட்டை எழுத்தில் இருந்தது: ‘என் மூன்று ஏக்கர் மல்லாட்டையைக் கருக்கியதும் இவர்களே.’

முன்வரிசை அதை வாய்விட்டுப் படித்தது. பின்வரிசைக்காரர்கள் நாற்காலிமேல் ஏறி நின்று செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். பிரவீன்குமார் போட்டோக்காரரின் கேமராவைக் கையால் மறைத்தார்.

“ஐயா, அத ஜல்தியா அழிச்சுடுங்க,” என்று காதோரம் கெஞ்சினார்.

“நல்லா பதிஞ்சிடுச்சுங்க தம்பி,” என்றார் துரைக்கண்ணு. “எடுத்தா கால் வீணாயிடும்.”

வேட்டியை இறக்காமலே மேடையை விட்டு இறங்கினார். பாக்கியராஜுக்கு நேர் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புதுக் காலைத் தூக்கி இடது கால்மேல் போட்டுக்கொண்டார்.